எதிர்க்கடைக்காரருக்கு நாலு வாரம்

எனக்கு ஆறரை வாரம், அவருக்கு நாலு வாரம். மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைக் கேட்டதும் எனக்கு என் வியாதியே மறந்துபோய்விட்டது. இரண்டு பேருக்கும் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். ஒரே டாக்டர், ஒரே மெஷின். அப்படியிருக்க அவருக்கு மட்டும் எப்படி நாலு வாரத்தில் முடியும்?

அவர் என்றால் எங்கள் எதிர்க்கடைக்காரர். போடிநாயக்கனூரில் என் ஏலக்காய்க் கடைக்கு நேர் எதிரே அவருடைய கடை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பார்க்கிறவர்கள் கூடப் பிறந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கோ காலையில் அவர் கடையில் எத்தனை மூட்டை இறங்குகிறது என்று பார்க்காவிட்டால் காப்பி இறங்காது. பார்த்துவிட்டாலும் இறங்காது.

ஏல மையத்திலும் அவர் எனக்கு முன் வரிசை. இப்போதெல்லாம் யாரும் கூவிக் கேட்பதில்லை. மலையிலிருந்து வந்த காயைச் சாம்பிளாகக் கொடுப்பார்கள். தட்டில் கொட்டி நிறம் பார்த்து, ஒன்றை உடைத்து விதையை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, முன்னால் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். யார் என்ன விலை கேட்கிறார்கள் என்பது திரையில் ஓடும். நான் சாம்பிளைவிட அவர் நம்பரைத்தான் பார்ப்பேன். அவர் கேட்கிறார் என்றால் காய் நல்ல காயாகத்தான் இருக்கும். அவருக்கு மேல் ஒரு ரூபாய் வைத்து அழுத்திவிடுவேன். ஒரு தடவை வேண்டுமென்றே விலையை ஏற்றிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அந்த லாட்டு மூட்டை மொத்தமும் என் தலையில் விழுந்தது. பிரித்துப் பார்த்தால் பாதி வாய் பிளந்த காய், மீதியில் ஈரம்.

வெளியே டீக்கடையில் என் சிகரெட்டுக்குத் தீப்பெட்டி நீட்டியவரும் அவர்தான்.

"காயப் பாரு தம்பி. என் கையப் பாத்துக்கிட்டே இருந்தா இப்பிடித்தான் ஆகும்" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அந்த டீக்கடையில் நின்று நாங்கள் ஊதிய சிகரெட்டுதான் இருவருக்கும் இந்த வியாதியைக் கொண்டுவந்திருக்கும் என்று பின்னால் டாக்டரம்மா சொன்னார். அதிலும் அவர்தான் முந்தினார். எனக்கு ஒரு மாதம் முன்னாலேயே அவருக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

என் வியாதி எனக்குத் தெரிந்தது குரங்கணி மலையிலிருந்து இறங்கும்போது. ஒரு தோட்டத்தில் காய் பார்த்துவிட்டு ஜீப்பில் வந்துகொண்டிருந்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாக ஒதுங்கினால் சிவப்பாகப் போனது. வலி ஒன்றும் இல்லை. சூடு என்று நானே முடிவு கட்டி, இளநீரும் ஊறவைத்த வெந்தயமுமாகக் குடித்தேன். நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே சிவப்பு. வேட்டியில் பட்ட கறையை என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். மறுநாளே மதுரைக்குக் காரை எடுக்கச் சொல்லிவிட்டாள்.

சிறுநீர்த் துவாரத்தில் டியூப் விட்டுப் பார்த்தார்கள், கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள், பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னையும் வீட்டுக்காரியையும் எதிரில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"பையோட சதை வரைக்கும் போயிருக்கு, அதத் தாண்டி வெளிய போகல. இன்னும் கை மீறிப் போகல. ரெண்டு வழி இருக்கு. மூத்திரப் பையையே எடுத்துட்டு, வயித்துல வழி பண்ணி, வெளிய ஒரு பிளாஸ்டிக் பை மாட்டுறது ஒண்ணு. இல்லைன்னா கரண்டு வச்சு உங்க பையை உங்ககிட்டயே விட்டு வைக்கலாம். ஆனா மூணு மாசத்துக்கு ஒருக்க டியூப் விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும். திரும்ப வந்துச்சுன்னா அப்ப எடுத்துத்தான் ஆகணும்."

கரண்டு என்றால் கதிர் சிகிச்சை. எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

வயிற்றில் பை தொங்க ஏல மையத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். முன் வரிசையிலிருந்து அவர் திரும்பிப் பார்ப்பதையும் நினைத்துப் பார்த்தேன். "கரண்டே வைங்கம்மா" என்றேன். வேறு எது போனாலும் போகட்டும், என் மூத்திரத்தை நான் நின்றபடி பெய்ய வேண்டும். அந்த ஒன்றுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

அன்றைக்குத்தான் வராந்தாவில் அவரைப் பார்த்தேன். அவருக்கும் கரண்டு என்பதும், நாலு வாரத்தில் முடிந்துவிடும் என்பதும் அவர் வாயாலேயே தெரிந்தது. வாரம் ஒரு கீமோ ஊசி என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு அதுவும் இல்லை. திரும்ப உள்ளே போய் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

"எனக்கும் நாலு வாரத்துல முடிச்சு விடக் கூடாதாம்மா?"

"அடுத்தவங்க விஷயத்த நான் பேச மாட்டேன். பொதுவாச் சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றார். "தினமும் கொஞ்சம் கூடுதலா வச்சு நாலு வாரத்துல முடிக்கலாம். தினமும் கொஞ்சம் குறைச்சு வச்சு ஆறரை வாரம் இழுக்கலாம். ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். கீமோ ஊசி சேந்தா கரண்டு இன்னும் நல்லா வேலை செய்யும். ஆனா கிட்னி நல்லா இருக்கணும், உடம்பு தாங்கணும். சிலருக்குத் தாங்காது. உங்களுக்குத் தாங்கும். உங்களுக்கு ரெண்டு இடத்துல கட்டி இருந்துச்சு, அதனால பை முழுக்க வைக்கிறோம், மெதுவா வைக்கிறோம். ஒரே ஒரு மூலையில இருந்தா அந்த மூலைக்கு மட்டும் கூடுதலா வைக்கலாம்."

எல்லாம் விளங்கியது. வெளியே வந்ததும் என் மனதில் தங்கியது, அவருக்கு ஒரு மூலை, எனக்கு இரண்டு இடம் என்பது மட்டும்தான். வியாதியில்கூடத் தேர்ந்தெடுத்த சரக்காக வாங்கிவைத்திருக்கிறார் மனுஷன்.

தினமும் போடியிலிருந்து மதுரைக்குப் போய்வர வேண்டும். எனக்குக் கார் இருந்தது, டிரைவர் இருந்தார், பின் சீட்டில் சாப்பாட்டுக் கேரியரோடு வீட்டுக்காரி இருந்தாள். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது எதிர்க்கடைக்காரர் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். என் வீட்டுக்காரி விடவில்லை.

"ஏங்க, அண்ணன் நிக்கிறாக. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

"அவரு பஸ்சுலதான் போவாரு. அதுல போனாத்தான் அவருக்குத் தோது."

"நல்லாருக்கு உங்க பேச்சு" என்று அவளே டிரைவரின் தோளைத் தட்டினாள்.

வந்தவர் முழங்கால் மடங்காது என்று சொல்லி முன் சீட்டில் ஏறிக்கொண்டார். என் சீட்டில்! அன்றிலிருந்து நான் பின்னால். தேனி, உசிலம்பட்டி என்று வழியெல்லாம் அவர் வழுக்கைத் தலையைப் பார்த்துக்கொண்டே போனேன். என் காரிலும் அவர் எனக்கு முன் வரிசை.

இதில் சாப்பாடு வேறு. ஊசி போட்ட வாரத்திலிருந்து எனக்கு வாய் கசந்துபோனது. புளிச்சோற்று வாசம் வந்தாலே குமட்டும். அவருக்கு ஊசி இல்லையே, நன்றாகப் பசித்தது. "கீழ கொட்டவா செய்ய, நீங்க சாப்பிடுங்கண்ணே" என்று என் பங்கையும் அவருக்கே போட்டாள் வீட்டுக்காரி. ஒரு பருக்கை மிச்சம் இல்லாமல் சாப்பிட்டுவிட்டு, "புளிக்காய்ச்சல் கைப்பக்குவம் யாருக்கு வரும்மா இந்த மாதிரி" என்றார். அவள் முகத்தில் எத்தனையோ வருஷமாக நான் பார்க்காத ஒரு மலர்ச்சி. நானும் அந்தப் புளிச்சோற்றைக் கல்யாணமான நாளிலிருந்து சாப்பிடுகிறேன். பக்குவம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை, அது வேறு விஷயம்.

டாக்டரம்மாவுக்குக் கொடுக்க நான் முதல் தரமான எட்டு எம்.எம். காயாகச் சலித்து ஒரு பொட்டலம் கொண்டுபோனேன். மேஜைமேல் எதிர்க்கடைக்காரர் கொடுத்த பொட்டலம் முன்பே உட்கார்ந்திருந்தது. அது என் காயைவிடக் கூடுதல் பச்சை, விலை கூடின காய். எவ்வளவு புகைச்சலில் இருந்தாலும் காயைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வராது.

ஆனால் என்னை உண்மையிலேயே நிலைகுலைய வைத்தது தண்ணீர்தான்.

மெஷினுக்குள் போவதற்கு முன்னால் என்னை ஒவ்வொரு நாளும் கழிப்பறைக்கு அனுப்புவார்கள். பை காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு மரியாதை. அவருக்கோ சிறுநீர் கழித்துவிட்டு வந்ததும் அங்கே வேலை பார்க்கிற ஒரு அம்மா அளவு பார்த்து பாட்டிலில் தண்ணீர் கொடுப்பார். முழுக்கக் குடித்துவிட்டு நேரம் வரும்வரை அவர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நடுநடுவே அந்த அம்மா வந்து, "எப்பிடிங்கய்யா இருக்கு, முட்டுதா?" என்று விசாரித்துவிட்டுப் போவார். என்னை ஒருவரும் ஒன்றும் விசாரித்ததில்லை. அவருக்கு ஏதோ உயர்ந்த தரத்து வைத்தியம் நடக்கிறது, அதன் சூட்சுமம் தண்ணீரில் இருக்கிறது என்று நான் தீர்மானித்துவிட்டேன். ஏல மையத்துப் புத்தி. அவர் நம்பர் திரையில் ஓடுகிறது, என் விரல் சும்மா இருக்குமா?

வீட்டுக்காரி மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து வராந்தா மூலையில் இருந்த குழாயில் வயிறு முட்டக் குடித்தேன். "பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். ஆச்சு என்றேன். படுக்கவைத்து, கரண்டு வைக்கும் முன்னால் எடுக்கிற ஸ்கேனை எடுத்தார்கள். மெஷின் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒரு பையனும் அந்த அம்மாவும் வந்தார்கள்.

"என்னங்கய்யா செஞ்சீங்க? பை உப்பிப் போயிக் கிடக்கு. குறிச்ச எல்லையத் தாண்டி நிக்குது. இதுல வச்சா வைக்க வேண்டிய எடத்துல ஒரு பக்கம் விட்டுப் போயிரும். தண்ணி குடிச்சீங்களா?"

"அவருக்கு மட்டும் குடுக்குறீக…" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அதற்குள் சங்கதி விளங்கிவிட்டது அவர்களுக்கு.

"அவருக்கு ஒரு மூலையில மட்டும் வைக்கிறோம். தண்ணி இருந்தா நல்ல பக்கம் தள்ளி நிக்கும். உங்களுக்கு முழுசா வைக்கிறோம், சுருங்கி இருந்தாத்தான் எல்லாம் அடங்கும். ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தர் முழுங்குவீங்களா?"

கீழே இறக்கிவிட்டார்கள். என் முறை போய், எல்லோருக்கும் முடிந்தபின் சாயங்காலம்தான் மறுபடி கூப்பிட்டார்கள். அதுவரை மற்ற இருவரும் எனக்காகக் காத்துக்கிடந்தார்கள். என் வீட்டுக்காரி மருந்துக் கடையிலிருந்து வந்து கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். எதிர்க்கடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

நாலு வாரத்தில் அவருக்கு முடிந்தது. அங்கே இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்துவிட்டு விடைபெற்றார். முன் சீட்டு எனக்குத் திரும்பக் கிடைத்தபோது அதில் நிமிர்ந்து உட்கார உடம்பில் தெம்பில்லை. கடைசி வாரங்களில் சொட்டுச் சொட்டாக எரிந்தது. உசிலம்பட்டிக்குள் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடைப்பையன் போன் செய்து, "எதிர்க்கடைக்காரு இன்னைக்கு நல்ல லாட்டாப் பாத்துத் தூக்கிட்டாரு மொதலாளி" என்பான். போனை ஜன்னல் வழியே வீசலாம் போல இருக்கும்.

மூன்று மாதம் கழித்து இருவருக்கும் ஒரே நாளில் டியூப் விட்டுப் பார்த்தார்கள். எனக்குச் சுத்தமாக இருந்தது. என் வீட்டுக்காரி அழுதாள். நானும் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது பக்கத்து அறையிலிருந்து அவர் வந்து, "எனக்கும் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க தம்பி" என்றார். என் சந்தோஷத்தில் பாதியை அந்த ஒரு வாக்கியம் தின்றுவிட்டது. ஆறரை வாரம், அத்தனை ஊசி, அத்தனை வாந்தி. கடைசியில் அவருக்கும் எனக்கும் ஒரே விலை. என்ன நியாயம் இது?

அடுத்த தடவையும் இருவருக்கும் சுத்தம். அதற்கடுத்த தடவை நான் முதலில் முடித்துவிட்டுக் காரில் காத்திருந்தேன். அவர் வர நேரமானது. வந்தவர் முன் சீட்டுக் கதவைத் திறக்காமல், பின் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரி முன்னால் மாறிக்கொண்டாள். வண்டி மதுரையைத் தாண்டியது.

"திரும்ப வந்துருச்சுப்பா. அதே மூலையில. பையை எடுக்கணுமாம்" என்றார்.

"நாலு வாரத்துல முடிச்சதுனாலயாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். வாரத்துல ஒண்ணும் இல்லையாம். ஊசி சேந்திருந்தா கொஞ்சம் பிடிமானம் கூடியிருக்கும், அப்பவும் உறுதி சொல்ல முடியாதுங்குறாக." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாலு வாரம்னு கேட்டு வாங்குனதே நான்தான். எம் பொண்டாட்டி போய்ச் சேந்ததுக்கப்புறம் கூட வர எனக்கு யாரு இருக்கா? மக வெளிநாட்டுல இருக்கு. ஆறரை வாரம் பஸ்சுல தனியா போயிட்டு வர முடியுமா? ஒனக்கு ஊசி போடுற அன்னைக்கெல்லாம் தங்கச்சி ஒன் நெத்தியில கைய வச்சுக்கிட்டே உக்காந்திருக்கும். பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு நாளு பொறுக்க மாட்டாம உள்ள போயி, கிட்னி போனாப் போகுது, அவனுக்குப் போடுற ஊசிய எனக்கும் போடுங்கன்னு டாக்டரம்மாட்ட சண்டை போட்டேன். வெளிய போகச் சொல்லிட்டாக."

பிறர் கையைப் பார்த்து ஒரு நாளும் விலை கேட்காத மனுஷன். அவர் என் லாட்டுக்கு விலை கேட்டிருக்கிறார். அது நடக்க வேண்டும் என்று எத்தனை வருஷமாக ஏங்கியிருக்கிறேன்! இப்போது கிடைத்தது, கையில் வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

"ஆபரேஷனுக்குக் கூட ஒரு ஆளு வேணுமாம். ஒனக்கு ஏதும் சோலி இருந்தா…" என்று இழுத்தார்.

"நாங்க ரெண்டு பேரும் வர்றோம்ணே" என்றாள் என் வீட்டுக்காரி. எனக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டதில் சின்னதாக ஒரு எரிச்சல் வந்தது. அது என் கூடப் பிறந்தது, சுரண்டினாலும் கரண்டு வைத்தாலும் போகாது.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு மாற்றிய பிறகு நாங்கள் இருவரும் அவர் கட்டிலருகே இருந்தோம். போர்வைக்கு வெளியே வலப்பக்கம் அந்தப் பை தெரிந்தது. அதில் கொஞ்சம் மஞ்சளாகச் சேர்ந்திருந்தது. அவள் எடுத்துவந்த கஞ்சியை அவருக்கு முதலில் ஊட்டினாள். ஆற்றி ஆற்றி ஊட்டினாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

கரண்டு வைத்த பை முன்போல விரியாது. அரை மணிக்கொரு தடவை எனக்குப் போக வேண்டும். எழுந்து வார்டு மூலையில் இருந்த கழிப்பறைக்குப் போய்விட்டு, கை கழுவி, ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவர் கண் என்மேலேயே இருந்தது. போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறார்.

"நின்னுக்கிட்டேதான போன?" என்றார்.

"ஆமாண்ணே."

"குடுத்து வச்சவன்டா நீ."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வர வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஒரு ரூபாய் கூட வைத்தேன். வந்துவிட்டது. அவர் அதைச் சிரித்துக்கொண்டும் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. நான் அவர் கடை மூட்டைகளைப் பார்க்கிற மாதிரியே என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு மறுபடியும் முட்டிக்கொண்டு வந்தது. நான் நெளிவதைப் பார்த்து, "போயிட்டு வாங்களேன்" என்றாள் அவள் மெதுவாக. "அப்பறம் போறேன்" என்றேன். அவர் இன்னும் கண்ணை மூடவில்லை. அவர் தூங்குகிறவரை அடக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.